வெளிப்பக்கம் வைத்த தாழ்ப்பாள்

சுங்கை வே,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் தாமரைக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் பிள்ளை சரணும் இங்கே சுகம், நீயும் அந்த ரியாத் வெயிலில் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர அதில் பாதிதான் உண்மை. மீதியைப் போனில் சொல்ல வரவில்லை. நீ திரையில் வந்த உடனே அவன் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான், எனக்குக் கிடைப்பது ஒரு நிமிடம், அதிலும் உன் களைத்த முகத்தைப் பார்த்தால் எல்லாம் ஓகே லா என்றுதான் வாயில் வருகிறது. போன வாரம், ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடவா அப்பா என்று கேட்டாய், அப்போதும் போடும்மா, நான் இருக்கேன் என்று சொல்லிவிட்டேன். மாதக் கடைசிக்குள் போட வேண்டும் என்றாயே, அதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. உன்னோடு வேலை செய்யும் மார்க்கிரட் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கிள்ளானிலிருந்து கிளம்புகிறாளாம், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இதை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று நினைக்கிறாய், அடுப்படித் தரையில். அவன் உள்ளே வரக்கூடாது என்று சுபாங் ஜெயாவில் ஒரு குட்டிக் கேட் வாங்கி அடுப்படி வாசலில் மாட்டினேன், இரண்டே நாளில் ஏறித் தாண்டினான், அதற்கு மேலே இன்னொன்று மாட்டினேன். இப்போது அவன் ஹாலில் கையைக் காலை விரித்துப் போட்டுத் தூங்குகிறான், நான் இரண்டு கேட்டுக்குப் பின்னால் குந்தியிருக்கிறேன். பேனாவும் காகிதமும் அவன் கண்ணில் படாமல் இருக்க இந்த வீட்டில் வேறு இடம் கிடையாது. ஃப்ரிட்ஜுக்கு ஒரு பிளாஸ்டிக் பூட்டு ஒட்டினேன், இரண்டு பக்கமும் அமுக்கினால்தான் திறக்கும். மூன்று நாள் பக்கத்தில் நின்று என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான், நாலாம் நாள் திறந்து தயிரை எடுத்து என் கையில் கொடுக்கிறான். எனக்கு விரல் மரத்துப்போகும் வியாதி இருக்கிறதே, இப்போதெல்லாம் ஃப்ரிட்ஜைத் திறக்க அவனைத்தான் கூப்பிடுகிறேன். ஃபேக்டரியில் முப்பத்தொரு வருஷம் ஒருத்தர் கையும் மெஷினுக்குள் போகாமல் தடுப்புக் கம்பி மாட்டியவன் நான். மூன்று வயது நிறையாத ஒரு பயல் என்னை வேலை தெரியாதவனாக்கிவிட்டான்.

அவனுக்கு எந்நேரமும் குளியலறைதான். காலையில் கண் விழித்தால் முதல் ஓட்டம் அங்கே. கதவைத் தள்ளி எட்டிப் பார்ப்பான், உள்ளே போவான், ஒருநாள் தண்ணீர் வாளிக்குள் தலைகீழாகக் கிடந்தான், இரண்டு கால்தான் வெளியே தெரிந்தது. நல்லவேளை, பார்த்துவிட்டேன். உன்னிடம் அதைச் சொல்லவில்லை. அன்றைக்கே குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம், என் நெஞ்சு உயரத்தில், ஒரு தாழ்ப்பாள் வைத்தேன். அப்புறம் வாசலில் இருக்கும் இரும்புக் கிரில் கதவு. எல்லார் வீட்டிலும் போல நம் வீட்டிலும் பகலிலேயே உள்ளே பூட்டி, சாவியைச் சுவர் ஆணியில் தொங்கவிடுவோம் இல்லையா, அதைத் துடைப்பக் கட்டையால் தட்டி விழவைத்துப் பூட்டைத் திறந்து ரோட்டுக்கே போய்விட்டான். பக்கத்து வீட்டு உஷாராணிதான் ஒரு லோரிக்கு முன்னால் அவனை வாரித் தூக்கினாள். அதையும் உன்னிடம் சொல்லவில்லை. மறுநாள் சாவியை என் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன், தூங்கும்போதும் குளிக்கும்போதும் இடுப்பில்தான். கோயிலுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது, கடைத்தெருப் பக்கம் போய் ஒரு தேத்தண்ணி குடித்ததில்லை. ரொட்டிக்காரர் கிரில் கம்பிக்குள் ரொட்டியை நீட்டி, என்ன அண்ணே இன்னும் லாக்கப்தானா என்று கேட்டுவிட்டுப் போகிறார். மாப்பிள்ளை இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு சிங்கப்பூரிலிருந்து வருகிறார், பாவம், வந்ததும் தூங்கிவிடுகிறார். உன் அம்மாவும் இல்லாத வீட்டில் இந்த நாலு சுவரும் என்னைத்தான் பார்க்கின்றன.

புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், பயப்படாதே, இப்போது எல்லாரும் நன்றாக இருக்கிறோம். எப்போதும் அவன் தூங்கிய பிறகுதான் குளிப்பேன். முதல் நாள் நின்றுபோன தண்ணீர் அன்று காலையில்தான் வந்தது. சிறிதாகிப்போன அவன் சட்டைகளைக் கட்டி வைக்கலாம் என்று அலமாரி மேலிருந்து உன் நீலப் பயணப் பையை இறக்கி ஹாலில் வைத்துவிட்டு, அவனைக் கார்ட்டூன் முன்னால் உட்காரவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். முகத்தில் சோப்புப் போட்டிருக்கும்போது நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, அப்புறம் ஒரு டக். நான் வைத்த தாழ்ப்பாளின் சத்தம் எனக்குத் தெரியாதா. கதவைத் தட்டினேன், கெஞ்சினேன், திட்டினேன், ஐஸ்கிரீம் என்றேன், தாழ்ப்பாள் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் டிவி சத்தமும் நின்றுவிட்டது. போன் ஹாலில் இருக்கிறது, ஜன்னலெல்லாம் கம்பி, வாசலில் பூட்டு, அதன் சாவி என் இடுப்பில். அவன் தொண்டையில் ஏதாவது சிக்கினாலும் ஒருத்தராலும் உள்ளே வர முடியாது, அப்படிச் செய்து வைத்தவன் நான். அழுதேன் தாமரை. சோப்பு கண்ணில் பட்டது என்று எழுதலாம், ஆனால் அழுதேன்.

கடைசியில் குளியலறை ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகள் வழியாக வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்துப் பக்கம் பார்த்துக் கத்தினேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த உஷாராணிக்குக் கேட்டது. வாசல் பக்கம் ஓடிப்போய்க் கிரில் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, அங்கிள், பயப்படாதீங்க, அந்தப் பை மேல சும்மா உக்காந்திருக்கான், கூப்பிட்டா இறங்க மாட்றான் என்றாள். ஈரத்தில் முடிச்சு அவிழவில்லை, கயிற்றை மேலே இழுத்துப் பல்லால் கடித்துச் சாவியை எடுத்து வெளியே போட்டேன், அது நேராகச் சாக்கடையில் விழுந்தது. அந்தப் பெண் முகம் சுளிக்காமல் கையை விட்டு எடுத்தாள், அவள் நன்றாக இருக்க வேண்டும்.

கதவு திறந்ததும் துண்டோடு போய் அவனை அடிக்கக் கையை ஓங்கினேன், இத்தனை நாளில் முதல் தடவை. உஷாராணி தடுத்து, ஏன்டா கண்ணு தாத்தாவ பூட்டின என்று கேட்டாள். அவன் பையை விட்டு இறங்காமல், தாத்தா குளிக்கக் கூடாது, குளிச்சா போயிடுவாங்க என்றான். எனக்குப் புரியவில்லை. யார்டா போனது என்றேன். அம்மா குளிச்சிட்டு வரேன்னாங்க, வரல என்றான்.

உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஏர்போர்ட்டுக்குக் கிளம்பின விடியற்காலையில் அவன் விழித்துக்கொண்டு உன் கழுத்தைப் பிடித்துத் தொங்கினான். குளிச்சிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போம்மா, பிள்ளை மறந்துவிடும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். நீ அந்த நீலப் பையின் ஜோடியைத் தூக்கிக்கொண்டு போனாய். எட்டு மாதமாகத் தினமும் காலையில் குளியலறையை எட்டிப் பார்த்தவன் தண்ணீரில் விளையாடப் போகவில்லை, உன்னைத் தேடிப் போயிருக்கிறான். நான் அதற்குத் தாழ்ப்பாள் வைத்திருக்கிறேன்.

ஆகவே கையெழுத்துப் போடாதே. அவனுக்காக மட்டும் சொல்கிறேன் என்று எழுதினால் அதுவும் இன்னொரு பொய், எனக்கும் முடியவில்லை, அறுபத்தெட்டு வயதில் மூச்சு முட்டுகிறது. போடு என்று சொன்ன வாயாலேயே வேண்டாம் என்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே வேலையா கிடைக்காது, மாப்பிள்ளையிடமும் நானே பேசுகிறேன். முருகன் உனக்கு நல்ல உடம்பும் நல்ல மனசும் குறையாமல் கொடுக்கட்டும். மார்க்கிரட்டிடம் உனக்கு முறுக்கும் ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன், பாதி அவளுக்கு. வரும் தேதி தெரிந்ததும் அவனிடம் நீயே சொல், எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டு, அவனுக்குப் பத்து வரை தெரியும். தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். இப்போது கதவைத் திறந்து வைத்துத்தான் குளிக்கிறேன், அவன் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் துடைத்துக்கொண்டு வெளியே வரும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
இரண்டு கேட்டுக்குப் பின்னாலிருந்து,
உன் அப்பா
பக்கிரிசாமி