இரண்டு பெட்டி, ஒரே மருந்து

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். உன் அம்மாவைச் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, பிழைத்துக்கொண்டாள் என்று எழுதலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். நேற்று நீ பேசும்போது லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய், கட்டாகவில்லை, நான்தான் வைத்தேன். மாத்திரையால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிந்து குளியலறை வாசலில் விழுந்து கிடந்தாள் என்று நான் சொல்கிறேன், நீ கேட்கிறாய், எந்த மாத்திரையாலப்பா, நான் அனுப்புனதா அவ அனுப்புனதா என்று. சற்று முன்னால்தான் உன் தங்கையும் இதையே கேட்டிருந்தாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்று காட்டிவிட்டீர்கள்.

பதிலைக் கேட்டுக்கொள். இரண்டாலும்தான். உன் சிவப்பு மாத்திரையும் அவளுடைய வெள்ளை மாத்திரையும் ஒரே வலி மருந்து, கம்பெனிதான் வேறு என்று டாக்டரம்மா இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நீ கூப்பிட்டால் முதல் கேள்வியே நான் அனுப்புன மாத்திரை போட்டியாம்மா என்பதுதான், அவள் கூப்பிட்டாலும் அதுதான். உங்களிடம் பொய் சொல்ல அம்மாவுக்கு வராது. அதனால் காலையில் உன்னுடையது, ராத்திரி அவளுடையது, முழங்கால் ரொம்பப் படுத்தினால் நடுவிலும் ஒன்று. ஒருத்தரோடது மட்டும் போட்டா இன்னொருத்தர் மனசு கஷ்டப்படுமே என்றாள் என்னிடம். அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்கிற வீடாக இருந்தால் நான் இதை அனுப்புகிறேன், நீ அனுப்பாதே என்று ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அவள் கல்யாணத்துக்கு நீ வரவில்லை, உன் குழந்தையைப் பார்க்க அவள் வரவில்லை. வீம்பு உங்களுக்கு, புண் இவள் வயிற்றில்.

ஆஸ்பத்திரியில் என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க என்று டாக்டரம்மா கேட்டதற்கு, பிரஷர் மாத்திரை மட்டும்தான் என்று பளிச்சென்று சொன்னாள். அப்போ வீட்டுல இருக்குறது என்று நான் குறுக்கிட்டால், அது மருந்தாங்க, பிள்ளைங்க அனுப்புனது என்கிறாள். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சீட்டு இல்லாம கடையில கிடைச்சா அது மிட்டாயா, அதுவும் மருந்துதான், பிரஷர் ஏறிக்கிட்டே போனதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கும், இது தெரியாம நான் பிரஷர் மாத்திரையோட அளவை ஏத்திட்டேனே என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். லிஃப்ட் ரிப்பேர் பார்த்தே காலத்தை ஓட்டியவன், இத்தனை பேர்தான் ஏறலாம் என்று தகடு மாட்டாமல் ஒரு லிஃப்டையும் நான் விட்டதில்லை. இந்த மாத்திரைப் பெட்டியிலும் போட்டிருக்கிறது, ஒரு நாளைக்கு இவ்வளவுதான், பிரஷர் உள்ளவர்கள், வயதானவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது என்று. எழுத்து பொடி, எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குக் கண் நன்றாகத்தானே இருக்கிறது?

இனி சளி மாத்திரையானாலும் டாக்டரம்மாவைக் கேட்காமல் இந்த வீட்டில் யாரும் வாயில் போடப் போவதில்லை. மூட்டுக்கு வேறு வைத்தியம் சொல்லியிருக்கிறார், மெதுவாகத்தான் கேட்குமாம். நீ கேட்டால் அம்மா வலியே இல்லை என்பாள், நம்பாதே, அதற்காக இன்னொரு பெட்டியும் அனுப்பாதே, பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். நீயும் தலைவலி என்றால் எதையாவது வாங்கி முழுங்குகிற ஆள், ஜாக்கிரதை.

டாக்டரம்மா திட்டிய மறுநாள் கண் விழித்ததும் உன் அம்மா முதலில் தண்ணீர் கேட்கவில்லை. பெரியவன்கிட்ட அவன் மாத்திரையால இல்லன்னு சொல்லிடுங்க, சின்னவகிட்ட அவ மாத்திரையால இல்லன்னு சொல்லிடுங்க என்றாள். நானும் சரி என்றேன். ஆனால் அப்படிச் சொன்னால் நீ தங்கையைத் திட்டுவாய், அவள் உன்னைத் திட்டுவாள், அதற்கா இவள் பிழைத்து வந்தாள்? அதனால் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன், உன் தங்கைக்கும் இதே கடிதம் போகிறது.

நோய்நொடி இல்லாமல், மனைவி குழந்தையோடு நன்றாக இரு. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். இனி அம்மாவுக்கு ஏதாவது என்றால் உங்களில் ஒருவரைத்தான் கூப்பிடுவேன். யாரை என்று சொல்ல மாட்டேன். மற்றவருக்குச் சேதி அந்த ஒருவர் வாயால்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
உனக்கும் அவளுக்கும் அப்பா