என்னை இன்ஜினியர் ஆக்கிய கடிதம்

10 பிப்ரவரி 2025, திங்கள்

என்னைக் கேட்காமல் என்னை இன்ஜினியர் ஆக்கிவிட்டார்கள். நடந்த அநியாயம் இதுதான். முதலில் எழுதி வைக்கிறேன்.

என் மகள் சத்யப்பிரியா ஜெர்மனியில் நிலத்தடி நீர் பற்றி மேற்படிப்பு படிக்க விண்ணப்பிக்கிறாள். ஏன் இந்தப் படிப்பு என்று மாணவியே தன் கைப்பட ஒரு கடிதம் எழுத வேண்டுமாம். அதைப் பண்ருட்டி கருணாகரன் எழுதியிருக்கிறான். முந்திரிக் கடைக்கு மேல்மாடியில் வெளிநாட்டுப் படிப்புக்கென்று அலுவலகம் நடத்துகிறவன். இரண்டாவது பத்தியில், 'சுரங்கத்தில் மூத்த இன்ஜினியராக இருந்த என் தந்தை' என்று இருக்கிறது. அகராதியை எடுத்து இரண்டு முறை பார்த்தேன். வேறு அர்த்தம் கிடையாது.

நான் இருபத்தெட்டு வருஷம் பம்ப் பிரிவில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பத்தாவதைத் தாண்டாதவன். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் ஊற்று ஏறாமல் ராப்பகலாக நீர் இறைக்கும் பம்புகளைப் பார்த்துக்கொண்டவன். பம்போடு வந்த கையேட்டைப் படித்தே இங்கிலீஷ் கற்றேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

12 பிப்ரவரி, புதன்

மந்தாரக்குப்பத்தில் காலை பஸ் பிடித்துப் பண்ருட்டி போனேன். கருணாகரன் நாற்காலி போட்டான். உட்காரவில்லை. நான் கான்ட்ராக்ட், இன்ஜினியர் இல்லை என்றேன்.

"சடையப்பன் ஐயா, கான்ட்ராக்ட்னு போட்டா படிக்க வைக்க வசதி இருக்கான்னு அவங்களுக்கு சந்தேகம் வரும். எல்லா ஃபைல்லயும் கொஞ்சம் ஏத்தித்தாங்க போடறோம்."

"அப்போ எல்லா ஃபைலும் பொய்" என்று கத்தினேன்.

கடிதம் இன்னும் போகவில்லை; மார்ச் பதினைந்துவரை நாள் இருக்கிறது. ஃபைலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். "தனியா அனுப்பிப் பாருங்க. திரும்ப இந்த மாடிப்படிதான் ஏறுவீங்க" என்றான். ஏறமாட்டேன்.

சத்யாவிடம் கேட்கவில்லை. வந்துதான் சொன்னேன்.

13 பிப்ரவரி

சத்யா பேசவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தாள். என்னுடையதையும்.

14 பிப்ரவரி

என் மனைவி கஸ்தூரி இந்த விஷயத்தை யாரிடமோ சொல்லியிருக்கிறாள். டீக்கடையில் செல்வகுமார் எழுந்து நின்று கும்பிட்டான். அதே பம்ப் பிரிவில் வேலை பார்த்தவன். பர்மனென்ட் ஊழியனாக ஓய்வு பெற்றவன். "வாங்க இன்ஜினியர் சார். சாருக்கு சக்கரை கம்மியா ஒண்ணு போடுப்பா." கடையே சிரித்தது. அவன் எப்போது வேண்டுமானாலும் சிரிக்கலாம்.

டீயில் சர்க்கரையே இல்லை. குடித்துவிட்டு வந்தேன்.

18 பிப்ரவரி, செவ்வாய்

இதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டுக்கே அர்த்தமில்லை.

காலையில் சத்யா வாயைத் திறந்தாள். "ஃபைல வாங்கும்போது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா? போறது நானா, நீங்களா?" பொய்யோடு எதற்குப் போக வேண்டும் என்றேன். குரல் ஏறிவிட்டது. அடுப்படியிலிருந்து கஸ்தூரி, "இன்னாத்துக்கு ரெண்டு பேரும் கத்திகினு இருக்கீங்க, பக்கத்து வூட்டுக்கெல்லாம் கேக்குது" என்றாள்.

சத்யா ஸ்டூலைப் போட்டு லாஃப்டில் ஏறினாள். ஒரு அட்டைப்பெட்டியை இறக்கித் தூசியோடு என் முன்னால் வைத்தாள். அவளுடைய பள்ளி டைரிகள். மூன்றாம் வகுப்பு டைரியின் முதல் பக்கத்தைத் திறந்தாள். பெயர், இரத்த வகை, முகவரி. தந்தையின் தொழில் — இன்ஜினியர்.

என் கையெழுத்து.

"அப்பா என்ன வேலைன்னு கருணாகரன் சார் கேட்டாரு. பன்னெண்டு வருஷமா நீங்க எழுதினதத்தான் சொன்னேன். மாத்திச் சொன்னா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னு நெனச்சேன்."

கருணாகரன் சேர்த்தது 'மூத்த' என்ற ஒரு சொல்தான். மீதி என்னுடையது.

19 பிப்ரவரி

ஏன் எழுதினேன்? யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றாம் வகுப்பில் டைரி வாங்கிய நாள். டவுன்ஷிப் பள்ளிக்கூடத்து மேஜைமேல் வைத்து எல்லாரும் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் கம்பெனி குவார்ட்டர்ஸ்காரர் ஒருவர். பேனா இரவல் கேட்டேன். தந்தார். அவர் எழுதியதைப் பார்த்தேன். அதே பேனாவால் அதையே எழுதினேன். அடுத்த ஜூனில் மாற்றியிருக்கலாம். மாற்றினால் பிள்ளை ஏன் என்று கேட்பாளே என்று விட்டேன். அவள் எல்லா வருஷமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கேட்கவே இல்லை.

ஆனாலும் கடிதத்தில் பொய் போகக் கூடாது. அதில் நான் இறங்கிவரப் போவதில்லை. சத்யாவிடம் சொன்னேன்: "டைரியில எழுதினது என் தப்பு. ஃபைல உன்னைக் கேக்காம வாங்கினதும் தப்பு. கடுதாசி உன்னோடது. நீயே எழுது."

"நேரம் இல்லப்பா" என்றாள். பிறகு, "பாக்கலாம்."

2 மார்ச், ஞாயிறு

எழுதுகிறாள், கிழிக்கிறாள். ஜெர்மனியில் அவள் போகப்போகும் ஊரிலும் பழுப்பு நிலக்கரிதானாம். தோண்டி முடித்த குழிகளில் தண்ணீரை விட்டு ஏரியாக்கியிருக்கிறார்களாம். படங்களைக் காட்டினாள், குழி இருந்த இடத்தில் படகு. இறைக்கத்தான் நமக்குத் தெரியும், நிறுத்தினால் தண்ணீர் எப்படித் திரும்பி வரும் என்று படிக்க வேண்டும் என்கிறாள். இருபத்தெட்டு வருஷத்தில் எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. மகளுக்குத் தோன்றியிருக்கிறது. இதை இரண்டு தடவை எழுதலாம்.

என் நீர்மட்ட நோட்டுகளைக் கேட்டாள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் பம்ப் கிணற்றில் நீர் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று எனக்காகக் குறித்து வைத்தவை. யாரும் எழுதச் சொன்னதில்லை. எதற்கு என்றேன். "ச்சும்மா, பாக்கத்தான்."

14 மார்ச், வெள்ளி

அனுப்பிவிட்டாள். ஒருநாள் மிச்சம்.

அனுப்புமுன் படித்துக் காட்டினாள். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் எழுதி வைக்கிறேன்:

'என் தந்தை பம்ப் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. என் பள்ளி டைரிகளில் தன்னை இன்ஜினியர் என்று எழுதினார். நீர்மட்டத்தை மட்டும் அவர் ஒருநாளும் தவறாக எழுதியதில்லை.'

முதல் வரியை இன்னொரு தடவை படி என்றேன். கஸ்தூரி என்னைப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

21 ஏப்ரல்

பதில் இல்லை. சத்யா ஃபோனைக் கவிழ்த்தே வைக்கிறாள். என்னால் கெட்டதா?

27 மே, செவ்வாய்

கிடைத்துவிட்டது.

மதியம் கஸ்தூரி பலாச்சுளை உரித்துக்கொண்டிருந்தாள். சத்யா ஃபோனை என் கையில் கொடுத்து, "நீங்களே படிங்கப்பா" என்றாள். படித்தேன். அகராதி தேவைப்படவில்லை. நேராக டீக்கடைக்குப் போனேன். செல்வகுமார், "என்னா சார்" என்று ஆரம்பித்தான். என் மகளுக்கு ஜெர்மனியில் இடம் கிடைத்திருக்கிறது, கடிதத்தில் என்னைக் கான்ட்ராக்ட் என்று எழுதித்தான் கிடைத்தது என்றேன், கடைக்கே கேட்கும்படி. அவன் கடைக்காரர் பக்கம் திரும்பிச் சொன்னான்: "சடையப்பனுக்கு சக்கரை தூக்கலா ஒண்ணு."

28 மே, புதன்

இனி ஆக வேண்டியவை.

விசாவுக்கு நேரம் வாங்குவது சத்யா. நான் அதில் தலையிடக் கூடாது.

ஸ்வெட்டர், ஊறுகாய், எதை எடுத்துக்கொண்டு போகலாம், எதைக் கூடாது — கஸ்தூரி. பெட்டியின் எடையை அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். சத்யா பேசிப் பார்க்கட்டும்.

சென்னை விமான நிலையத்துக்குக் கார் செல்வகுமாருடையது. அவனே சொன்னான். ஓட்டுவதும் அவன்தான்.

கருணாகரனிடம் போய்ச் சொல்ல வேண்டும், நான். மாடி ஏறமாட்டேன், கீழே முந்திரிக் கடையில் நின்று கூப்பிடுவேன். கத்தியதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும். 'மூத்த' என்ற சொல்லுக்கு அவன் தெரிவிக்கட்டும்.

நீர்மட்ட நோட்டுகள் மொத்தம் முப்பத்தொன்று. எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுத்துக்கொள்ள வேண்டியவள் சத்யா. பக்கம் திருப்ப நான்.

வங்கியில் கல்விக் கடன் விண்ணப்பம். என் கையெழுத்தும் வேண்டும். தந்தையின் தொழில் என்று அதிலும் ஒரு கட்டம் இருக்கிறது, சின்னக் கட்டம். ஒப்பந்தத் தொழிலாளி, பம்ப் பிரிவு, இருபத்தெட்டு வருஷம். எழுத்தைச் சிறிதாக்கியாவது முழுவதையும் எழுத வேண்டும். எழுத வேண்டியவன் நான். சொந்தப் பேனா கொண்டு போக வேண்டும்.