குவளையில் இருந்தது குறித்து

உமது கணவனும், முன்னர் யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாயிருந்து, தற்போது மொன்றியலில் ஒரு சிறிய பியர் ஆலையின் அமெரிக்காவுக்கான ஏற்றுமதிப் பத்திரங்களைச் சரிபார்ப்பவனுமாகிய இரவிச்சந்திரன் ஆகிய நான் அறியத்தருவது:

அன்பின் கமலினி,

நான் நலம். உமது முழங்கால் நோ குறைந்ததா?

ஆலை விருந்துப் படத்தில் என் கையிலிருந்த குவளை உம்மைக் கலக்கியிருக்கும். அதில் இருந்தது பியர்தான்.

விருந்தில் அமெரிக்கச் சட்டத்தை விளக்கினேன். மதுவிலக்குச் சட்டம் அங்கே சிறிய ஆலைகள் பலவற்றை மூடவைத்தது. பின்பு பெரிய ஆலைகளின் பியர் பெரும்பாலும் ஒரே சுவையாயிற்று. வீட்டில் பியர் தயாரிக்க 1978இல் சட்டம் இடங்கொடுத்த பின்னரே பலவகைச் சுவைகள் திரும்பின என்றேன்.

"சட்டம் சரி அண்ணை, ருசி தெரியுமோ?" என்றான் உடன் வேலைசெய்யும் மிதுசன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு மிடறு குடித்தேன். குடிப்பதில்லையென உமக்களித்த வாக்கு அந்த அளவுக்கே மீறப்பட்டது. அது கொத்தமல்லி சேர்த்த பியர். உமது மல்லிக் கோப்பியின் மணம் வந்தது. குவளையைக் கீழே வைத்துவிட்டேன்.

வறுத்திடித்த மல்லித்தூள் கொஞ்சம் அனுப்பவும். கடைத்தூளில் அந்த மணமில்லை. பஸ் வருகிறது, நிறுத்துகிறேன்.

(ஒப்பம்) இரவிச்சந்திரன்

சாட்சிகள்:
மிதுசன், மீதியைக் குடித்தவர்.
கஜந்தினி, அவர் மனைவி. படமெடுத்து உமக்கு அனுப்பியவர்.