சீட்டுக்கு அப்பாவின் எடை போதவில்லை

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தாளை யாரிடமும் காட்டாதே. உன் அறையில் கூட இருப்பவர்கள் என்ன தங்கச்சி கடுதாசியா என்று கேட்டால் ஆமாம் என்று மட்டும் சொல், வாசித்துக் காட்டாதே, படித்ததும் கிழித்துவிடு. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், அப்பாவுக்குச் சத்தியமாகத் தெரிய வேண்டாம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, கையைக் காலை நசுக்கிக்கொள்ளாமல் நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் சுகம் என்கிற வரியை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. அது இதே உறையில் இருக்கிற இன்னொரு தாளில் இருக்கிறது, மாதாமாதம் போல அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது. என் உடம்பு கல்லு மாதிரி இருக்கு, நீ உன் உடம்பைப் பாத்துக்கோ, பட்டறையில செருப்பு போட்டுக்கிட்டு நிக்காத, ஷூ வாங்கிக்கோ என்றெல்லாம் அதில் இருக்கும். அதில் ஷூ மட்டும்தான் உண்மை.

ராத்திரி மணி ஒன்றரை இருக்கும். குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கணக்கு நோட்டை மடியில் வைத்து எழுதுகிறேன். அம்மா ஆஸ்பத்திரியில் இரவு வேலை, காலை எட்டு மணிக்குத்தான் வருவாள். அப்பா கூடத்தில் படுத்திருக்கிறார், ஆனால் தூங்கவில்லை, இருமல் கேட்கிறது. போன் அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது, அதில் கூப்பிட்டால்தான் நீ எடுப்பதே இல்லையே. இதற்கு முன்னால் ஒரு முறை கதவுக்கு வெளியே வந்து, என்னடி வயிறா, கண்டதைத் தின்னா இப்படித்தான் என்றார். ஆமாம்பா என்றேன். வெந்நீர் வைக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றதும் போய்விட்டார். நடுவில் நிறுத்த வேண்டி வந்தாலும் வரும், அதனால் கடைசியில் எழுத வேண்டியதை இப்போதே எழுதிவிடுகிறேன். பத்திரமாக இரு அண்ணா, வேலையில் நல்ல பெயர் எடு. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அப்பாவுக்குப் போன் செய், மறக்காதே. இப்படிக்கு உன் அன்புத் தங்கை.

இனி விஷயம். உனக்கும் அப்பாவுக்கும் எதனால் சண்டை வந்தது என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரி மைதானத்தில் அப்பா ஓட்டுகிற, புல் வெட்டுகிற வண்டியின் சீட்டுக்கு அடியில் இருக்கிற சுவிட்சுதான். ஆள் உட்கார்ந்திருந்தால்தான் பிளேடு சுற்றும், ஆள் எழுந்தால் எஞ்சின் நின்றுவிடும், அதற்காக வைத்த சுவிட்சு. மேடு பள்ளத்தில் குதிக்கும்போதெல்லாம் வண்டி நிற்கிறது என்று அப்பா அதன் பிளக்கைக் கழற்றி, இரண்டு ஓட்டையிலும் ஒரு துண்டு ஒயரைச் சொருகி, யாரோ எப்போதும் உட்கார்ந்திருப்பது மாதிரி வண்டியை ஏமாற்றி வைத்திருந்தார். நீ அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புது ஸ்பிரிங் போட்டு, சுவிட்சைச் சரியாக மாட்டிக் கொடுத்தாய். அன்றைக்கு அப்பா, நான் இந்த வண்டியில ஏறினப்ப நீ தவழ்ந்துக்கிட்டு இருந்தடா, எனக்கே பாடம் எடுக்கறியா என்று கத்தியதும், நீ, கை போனதுக்கப்புறம் வந்து சொல்லுங்க, அப்ப பேசிக்கலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் இன்னும் காதில் இருக்கிறது. பத்து மாதம் ஆகிவிட்டது. அம்மா அழுததற்காக அப்பா என் தலையில் கை வைத்து, இனிமே அந்த சுவிட்ச தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அது உனக்குத் தெரியாது.

நீ போன கொஞ்ச நாளில் அப்பாவின் வலது கை மரத்துப் போக ஆரம்பித்தது. முதலில் சுண்டு விரல், அப்புறம் முழு உள்ளங்கையும். இப்போது சட்டைப் பட்டன் போட வரவில்லை, அதனால் பனியன் மாதிரித் தலை வழியாகப் போடுகிற சட்டைதான் போடுகிறார். அம்மா கேட்டால் இதுதான் காத்தோட்டமா இருக்கு என்கிறார். ஆபீசுக்குத் தெரிந்தால் ஓட்ட விடமாட்டார்கள், ஓட்டாவிட்டால் கல்லூரி கொடுத்த இந்த வீடும் நமக்கு இல்லை, அதனால் மூச்சு விடக்கூடாது என்று எனக்கு உத்தரவு. மழைக்கு முன்னால் வண்டியை ஏறக்கட்டுகிற வேலையை அதனால்தான் இந்த வருஷம் நான் செய்தேன். அப்பா பெயிண்ட் டின் மேல் உட்கார்ந்துகொண்டு சொல்வார், நான் செய்வேன். டேங்கில் பெட்ரோல் தீர்கிறவரை எஞ்சினை ஓட விட்டேன். சூட்டோடு ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றினேன். அடித்தட்டில் காய்ந்து ஒட்டியிருந்த புல்லைக் கரண்டியால் சுரண்டி எடுத்தேன், பிளேடுக்கு கிரீஸ் தடவினேன், டயர் தரையில் படாமல் நாலு பக்கமும் கட்டை கொடுத்தேன். அப்பா அதை மாப்பிள்ளை என்றுதான் சொல்வார். பாரு பாப்பா, மூணு மாசம் வேலை வெட்டி கிடையாது, ஆனா எண்ணெய் தடவி, போர்த்தி, படுக்க வச்சு, பேட்டரிய வீட்டுக்குள்ள வச்சு சீராட்டணும், இதுக்குப் பேரு மாப்பிள்ளை இல்லாம வேற என்ன என்று சிரிப்பார். பேட்டரி என் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. பதினைந்து நாளைக்கு ஒரு தரம் சார்ஜ் போட்டேன்.

அப்படி ஏறக்கட்டுகிற அன்றைக்குத்தான் எலி ஏதாவது கூடு கட்டியிருக்கிறதா என்று சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். எலி இல்லை. அந்த ஒயர் இருந்தது. பிளக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது, அதன் வாயில் வளைத்துச் சொருகின சிவப்பு ஒயர், மேலே கறுப்பு டேப். டேப்பிலும் பிளக்கின் கொக்கியிலும் பல் தடம். விரலால் முடியாமல் பல்லால் கடித்துக் கழற்றியிருக்கிறார். நான் திரும்பிப் பார்த்தேன், அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்காமல் சீட்டை மூடிவிட்டேன் அண்ணா. மூன்று மாதமாக அந்தப் பேட்டரிக்கு மேலே படுத்துக்கொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்ததுதான் மிச்சம்.

நாளைக்குக் காலை ஏழு மணிக்கு சூப்பர்வைசர் வருகிறார், கூடவே ஒரு கான்ட்ராக்டர் ஆளும். மைதானத்தை கான்ட்ராக்டரிடம் கொடுத்துவிடலாமா என்று கல்லூரியில் பேச்சு நடக்கிறது. மழைக்கு அப்புறம் வண்டி நன்றாக ஓடினால் இன்னும் ஒரு வருஷம் அப்பாவே பார்க்கட்டும், இல்லாவிட்டால் இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். போன வாரம் அப்பாவை மேலும் கீழும் பார்த்து, என்னய்யா, நீ வண்டிய ஓட்டறியா வண்டி உன்னை ஓட்டுதா என்று கேட்டாராம். அப்பா அதை நகைச்சுவையாகத்தான் வீட்டில் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

இன்று சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனோம். மாட்டினேன், புதுப் பெட்ரோல் ஊற்றினேன், கட்டைகளை எடுத்தேன். அப்பா ஏறி உட்கார்ந்தார். ஆள் உட்கார்ந்தால் சீட்டுக்கு அடியில் சுவிட்சு டிக் என்று ஒரு சத்தம் போடுமே, ஒயர் கழன்று கிடந்தாலும் அந்தச் சத்தம் வரும் இல்லையா, அது வரவில்லை. ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சாவியைத் திருப்பினதும் இரண்டு தரம் இருமிவிட்டு, ஒரு புகை விட்டு வண்டி கிளம்பிவிட்டது. அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மாப்பிள்ளை முறுக்கே இல்லாம எந்திரிச்சிட்டாரு பாரு என்று கத்தினார். இரண்டு சுற்று வெட்டினார். புல் ஈரம். இரண்டாவது சுற்றில் புல் வெளியே விழுகிற வாய் அடைத்துக்கொண்டது. அப்பா இறங்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, பிளேடும் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் அப்பா அப்பா என்று கத்தியது அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. குனிந்து, வலது கையை அந்த வாய்க்குள் விட்டு, ஒரு பிடி புல்லை இழுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஏறி ஓட்டிக்கொண்டு வந்தார்.

வண்டியை நிறுத்தினபோதுதான் பார்த்தேன், அவருடைய கையுறையில் நடு விரல் நுனி இல்லை. கத்தரித்த மாதிரி போயிருந்தது. விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, கையுறை பெரியது, நுனி காலியாக இருந்திருக்கிறது. அதைவிடப் பயமாக இருந்தது எது தெரியுமா, அது போனது அவருக்கே தெரியாது. நான் காட்டித்தான் தெரிந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கம்பெனிக்காரன் பெரிய சைசா கொடுத்தது நல்லதாப் போச்சு என்று சிரித்தார். அப்புறம் மெதுவாக, அம்மாகிட்ட சொல்லிடாத பாப்பா என்றார். வண்டியைத் துடைத்துப் போர்த்திவிட்டு வா என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

நான் துடைத்தேன். ஸ்டியரிங்கைத் துடைக்க எட்டவில்லை என்று சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். டிக் என்றது. இறங்கினேன், டிக். மறுபடி உட்கார்ந்தேன், டிக். ஸ்பிரிங்குக்கு ஒன்றும் இல்லை அண்ணா. நீ போட்ட ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கிறது. போன மாதம் பள்ளிக்கூடத்தில் எடை பார்த்தார்கள், நான் நாற்பத்தெட்டு கிலோ. நான் உட்கார்ந்தால் வண்டிக்குத் தெரிகிறது, அப்பா உட்கார்ந்தால் தெரியவில்லை. பெல்ட்டில் ஆணியால் இரண்டு புது ஓட்டை போட்டிருக்கிறார், அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. மேடு பள்ளத்துக்காக இல்லை, உட்கார்ந்திருக்கும்போதே வண்டி நின்று போகிறது என்றுதான் அவர் சத்தியத்தை மீறி ஒயரைச் சொருகியிருக்கிறார். தனக்கு என்னவோ ஆகிறது என்று அவருக்கு மழைக்கு முன்னாலேயே தெரியும்.

அந்த நிமிஷம் எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை, சீட்டைத் தூக்கி டேப்பைக் கிழித்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, பிளக்கை சுவிட்சில் அழுத்தி மாட்டிவிட்டேன். போர்த்திப் பூட்டிவிட்டு வந்து, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, அப்பா சொல்லச் சொல்ல அந்தக் கல்லு மாதிரி உடம்புக் கடிதத்தையும் எழுதினேன். எழுத்து ஏன் இப்படிக் கோணுது என்று கேட்டார். பரீட்சை என்றேன்.

இப்போது படுத்தால் கண்ணை மூட முடியவில்லை. நாளைக்கு ஏழு மணிக்கு, அந்த இரண்டு பேர் முன்னால், அப்பா பிளேடைப் போடுவார், வண்டி நின்றுவிடும். மறுபடி கிளப்புவார், மறுபடி நிற்கும். ஏன் என்று அவருக்குத் தெரியும், ஆனால் அவர்கள் எதிரில் சீட்டைத் தூக்க முடியாது. வேலை போகும், வீடு போகும். போக வைத்தது நான். அந்தப் பிளக்கைக் கழற்ற இரண்டு பக்கமும் விரலால் அழுத்த வேண்டும், அப்பாவால் இனிமேல் பல்லால்கூட முடியாது, என்னால் ஒரு நிமிஷத்தில் முடியும். இப்போதே எழுந்து போய் அதைக் கழற்றி ஒயரை மறுபடி சொருகிவிட்டால் நாளைக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கும், நாளை மறுநாள் அவர் மறுபடி அந்த வாய்க்குள் கையை விடுவார். இந்தக் கடிதம் உனக்கு வர எட்டு நாள் ஆகும், அதற்குள் எது நடந்திருந்தாலும், அப்பா ஓட்டத் தெரியாதவர் என்று யாராவது சொன்னால் நம்பாதே, வண்டியை நிறுத்தினது நான்தான். நீ போன் செய்து சுவிட்சைப் பற்றிப் பேசாதே, யார் சொன்னது சரி என்றும் பேசாதே. எடை பார்த்தீங்களா என்று மட்டும் கேள். நீ கேட்டால் ஒருவேளை ஆஸ்பத்திரிக்குப் போவார். அம்மா அங்கேயே வேலை பார்க்கிறாள், இருந்தும் ஒரு நாள்கூட அந்தப் பக்கம்

ஆணியிலிருந்து சாவி எடுக்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், டார்ச் வெளிச்சம் ஷெட்டுக்குப் போகிறது. சூப்பர்வைசர் கண்ணில் படாமல் ஒயரை உள்ளே தள்ளி வைக்கப் போயிருப்பார் என்று நினைக்கிறேன். ஷெட் கதவு திறந்துவிட்டது. ரொம்ப நேரம் வெளிச்சம் ஒரே இடத்தில் நிற்கிறது. இப்போது திரும்பி வருகிறது.

தட்டுகிறார். ஷெட்டிலிருந்து இங்கே ஐம்பது அடிகூட இல்லை, அதற்கே மூச்சு வாங்குகிறது, கதவுக்கு இந்தப் பக்கம் கேட்கிறது. திட்டுவார், அடிப்பார், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். திட்டவில்லை அண்ணா. பாப்பா, உன் விரலால கொஞ்சம் வந்து அதைக் கழட்டி விடும்மா, அப்பாவுக்கு வரலம்மா என்கிறார். மறுபடி தட்டுகிறார். இதை மடித்து நோட்டுக்குள் வைத்துவிட்டுத் திறக்கப் போகிறேன். கழற்றித் தர மாட்டேன் என்றுதான் சொல்லப் போகிறேன். ஏன் என்று கேட்டால்