நைனாவுக்குப் பிடிக்காத கத்திரிக்காய்

திருத்தணி
30-6-77

அன்பு மகள் சந்திராவுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. முருகன் தயவில் இங்கே எல்லோரும் மூன்று வேளை சாப்பிட்டு இரண்டு வேளை சண்டை போட்டுச் சௌக்கியமாக இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் இதில் முதல் பாதியை மட்டும் செய்துகொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எப்படியும் மணவூர் அத்தை உனக்கு எழுதிவிடுவாள், அவள் எழுதினால் நாலு முழம் கூடும். போன அமாவாசை அன்று நட்டநடுப் பகலில் உன் அப்பனாகிய நான் ஏணிமேல் நின்று ஒரு காக்கையைக் கைகூப்பிக் கெஞ்சினேன், கெஞ்சிவிட்டு இறங்கினேன், வேட்டி இறங்கவில்லை, ஏணி ஆணியிலேயே தங்கிவிட்டது. தெருவே பார்த்தது. உள்ளே பட்டாபட்டி இருந்ததால் கௌரவம் தப்பியது என்பது என் கட்சி, உன் அம்மா அந்தக் கட்சியில் இல்லை.

எல்லாம் உங்கள் தலை ஆடி விருந்தால் வந்தது. மாப்பிள்ளைக்கு எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு என்றால் உயிர் என்று நீ எழுதினாலும் எழுதினாய், வீடு இரண்டாகிவிட்டது. நம் வீட்டு விசேஷ இலையில் கத்திரிக்காய் வந்து ஆறு வருஷம் ஆகிறது, ஏன் என்று உனக்குத் தெரியும், பாவம் அவருக்குத் தெரியாதே, இலை முன்னால் உட்கார்ந்து திகைக்காதபடி நீதான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். உன் தாத்தா, அதாவது என் நைனா, காலமான மறு மாசம் சோற்றுக்கு ஒரு காக்கை இடது காலை இழுத்து இழுத்துக்கொண்டு வந்தது, நைனாவும் தறிக்குழியில் விழுந்த நாளிலிருந்து இடது காலை இழுத்துத்தான் நடப்பார், உடனே உன் பெரியப்பா, நைனாவே வந்துகினு இருக்காருடா, தோள் துண்டை எடுத்துட்டுக் கும்பிடு என்றார். அன்று முதல் வருஷம் முழுக்க எந்தப் பண்டிகைக்கு என்ன சமைப்பது என்று முடிவு செய்வது அந்தக் காக்கைதான் என்று சொல். பொங்கலில் முந்திரியை மட்டும் பொறுக்கியது, அதனால் முந்திரி முழுக்க அதற்கே, நமக்கு வெறும் பொங்கல். யுகாதிப் பச்சடியில் வேப்பம்பூவைக் கண்டு தலையை உதறியது, நைனா ஆஸ்பத்திரியிலேயே கசப்பு மாத்திரையைத் துப்பினவரு இல்லியா என்று பெரியப்பா வேப்பம்பூவை நிறுத்தினார், ஊரில் கசப்பில்லாமல் யுகாதி கொண்டாடும் ஒரே வீடு நம்முடையது. பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையில் பூரணத்தைக் கொத்திக்கொண்டு மாவை விட்டது, ஆகவே இப்போது பிள்ளையாருக்கும் பூரணம் மட்டும்தான், சட்டை போடாத கொழுக்கட்டை. தீபாவளிக்கு அதிரசத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு வீரபத்திரன் மண்டையில் போட்டது, வீக்கம் வடிய கார்த்திகை ஆனது, உன் அம்மாவின் பாகுப் பதம் பற்றி அப்போதே யாராவது பேசியிருக்கலாம், நைனாவுக்கு அவன்மேல பழைய கோவம் என்று பெரியப்பா முடித்துவிட்டார், அதிரசம் நிலைத்துவிட்டது, வீரபத்திரன் இப்போதும் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் குடையோடுதான் வெளியே வருகிறான். அப்படித்தான் ஒரு மாளய அமாவாசையில் அது கத்திரிக்காயை அலகால் ஓரம் தள்ளியது, அத்தோடு நம் வீட்டில் கத்திரிக்காயின் கதை முடிந்தது.

இத்தனை வருஷம் பொறுத்த உன் அம்மா இந்த முறை பொறுக்கவில்லை, நாம காக்காவுக்கா பொண்ணு குடுத்துகீறோம், மாப்பிள்ளைக்குத்தானே என்று கேட்டாள், பெரியப்பாவோ இலைல கத்திரிக்கா வெச்சா நான் எழுந்து போயினே இருப்பேன் என்றார். நான் வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டினேன், கழுத்து வலிதான் மிச்சம். கடைசியில் அமாவாசைக்குக் குழம்பை வைத்துப் பார்ப்பது, நைனா தொட்டால் விருந்தில் உண்டு என்று ஏற்பாடு. உன் அம்மா திருவாலங்காட்டுப் பிஞ்சுக் காயாகப் பார்த்து வாங்கி, தெரு முழுக்க மணக்க வைத்தாள். நான் ஏணியில் ஏறி ஓட்டுமேல் இலையை வைத்து, நைனா, பேத்தி புருஷனுக்காக ஒரே ஒரு வாய் என்று கெஞ்சினேன். அது குழம்பைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்த என் தோளில் ஒட்டியிருந்த கழிவு நூலை உருவிக்கொண்டு பறந்துவிட்டது. பார்றா, நைனா இன்னும் தறிய மறக்கல என்று பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்போது விருந்து இலையில் உப்புக்கும் ஊறுகாய்க்கும் பக்கத்தில் ஒரு பிடி நூலும் வைக்க வேண்டும் என்று உத்தரவு. அமாவாசைக்கு முந்தின வாரம் அதே காக்கை துடைப்பக்குச்சிகளை உருவிக்கொண்டு போனபோது வீடு சரியாகப் பெருக்குவதில்லை என்று நைனா குறைப்படுவதாக உன் அம்மாவுக்குத் திட்டு விழுந்தது தனிக் கதை.

விளையாட்டாக எழுதினாலும் விஷயம் விளையாட்டில்லை அம்மா. கத்திரிக்காய் இல்லையென்றால் அடுப்பே மூட்டமாட்டேன் என்கிறாள் இவள், குடும்பத்துக்கு மூத்தவர் முதல் விருந்தில் இலையை விட்டு எழுந்து போனால் உன் மாமியார் வீட்டில் உனக்கல்லவா தலைக்குனிவு. ஆகையால் மாப்பிள்ளை நல்ல மனநிலையில் இருக்கும்போது, சம்பளத் தேதி உத்தமம், வாழைக்காய் அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மெதுவாகக் கேட்டு உடனே பதில் போடு. ரயிலில் ஜன்னலோரம் கழுத்தை நீட்டித் தூங்காதே, சங்கிலி பத்திரம். ஆடி பிறக்க முந்தின நாளே வந்துவிடுங்கள், கிருத்திகைக் கூட்டம் சேர்ந்துவிட்டால் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. நீங்கள் இருவரும் மஞ்சள் குங்குமத்தோடும் நல்ல பசியோடும் நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
வேட்டியை இறுக்கிக் கட்டியிருக்கும் உன் அப்பா,
மணவாளன்

பி.கு.: மாப்பிள்ளையிடம் வாழைக்காய்ப் பேச்சை எடுக்க வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் அம்மா கொல்லைப் பக்கம் கூப்பிட்டாள், இந்த முறை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறிப் பார்த்தேன். வேப்பமரத்தில், நம் துடைப்பக்குச்சியும் நூலும் வைத்துக் கட்டிய கூட்டில், நைனா முட்டையிட்டிருக்கிறார்.