சாவி மட்டும் வருகிறது

மே 12, திங்கள்

இந்த வாரத்துக்கான என் கேலிப் பத்தி இதழில் அச்சாகி வந்துவிட்டது. பொருள்: மேலதிகாரியின் பெயர் இருக்கும் பக்கமாகச் சாய்ந்து, குனிந்து வணங்குவது போல விழும் மின்முத்திரை, இங்கே கையெழுத்துக்குப் பதில் குத்துவது. அதைப் பாதுகாப்பு மென்பொருள் என்று விற்கிறார்கள். முத்திரைக்குக்கூட முதுகு வளைகிறது, கடவுச்சொல் மட்டும் இன்னும் 1234 என்று எழுதியிருந்தேன். ஹகிவாரா சான் இருந்திருந்தால் ஓரத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு வரைந்திருப்பார். அவருடைய முத்திரை எப்போதும் நட்டுக்குத்தாக நிற்கும். "நான் யாருக்கும் சாயறதில்லம்மா" என்பார்.

பதினோரு வருடம் என் பத்தியைத் திருத்தியவர். பிப்ரவரியில் போய்விட்டார். அவருக்குப் பதில் வந்த பையன் ஏப்ரலோடு நின்றுவிட்டான். இனி நீங்களே திருத்திக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர் கமேதா சொல்லிவிட்டார். ஒசாகாவில் கணினி வார இதழ் நடத்துகிறவருக்குச் சிக்கனம் என்றால் அதுதான்.

இதைக் காகிதத்தில் எழுதுகிறேன். திருட நினைப்பவன் நான்கு மாடி ஏறி வரட்டும்.

மே 15, வியாழன்

பிழை என்னுடையதுதான். பகல் இரண்டு மணிக்குப் பத்தியை அனுப்பும்போது விரல் பழக்கத்தில் முதல் எழுத்தைத் தட்டினேன். மீதி முகவரியைக் கணினியே நிரப்பியது. அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், ஹகிவாரா சானுக்குப் போயிருக்கிறது. இறந்தவருக்கு வேலை அனுப்பினவள் என்று என்னை நானே கேலி செய்துகொண்டேன்.

நாலு பத்துக்குப் பதில் வந்தது.

"எப்போதும் போலத் தங்கள் ஆதரவுக்கு நன்றி. சற்றுமுன் அனுப்பிய கோப்பின் கடவுச்சொல் கீழே உள்ளது." எல்லா அலுவலகங்களும் எழுதும் அதே வரிகள், அதன் கீழே பன்னிரண்டு எழுத்துகள். அவ்வளவுதான். கோப்பைக் காணவில்லை.

உயிரோடு இருந்தபோதும் அவர் பதில் நாலு பத்துக்குத்தான் வரும்.

மே 16, வெள்ளி

அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒடகிரியிடம் கேட்டேன். நாற்பது வயது, சாப்பிடும்போதும் திரையை விட்டுக் கண்ணெடுக்க மாட்டான்.

"கோப்பு வந்துச்சு, நிஷிவாகி சான். பூட்டின கோப்பு. உள்ள என்ன இருக்குன்னு வடிகட்டியால பாக்க முடியாதில்ல, அதனால வாசல்லயே தள்ளிடுச்சு. சாவி வெறும் எழுத்துதானே, அது உள்ள வந்துடுச்சு."

"யாரு தள்ளச் சொன்னது?"

"நீங்கதான்."

உண்மை. கோப்பைப் பூட்டி ஒரு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, சாவியைப் பின்னாலேயே இன்னொரு மின்னஞ்சலில் அனுப்பும் இந்த நாட்டு மரியாதையை ஆறு வருடம் திட்டி எழுதினேன். இரண்டும் ஒரே வழியில் போகின்றன, திருடன் இரண்டையும்தான் எடுப்பான். ஏப்ரல் ஒன்றாம் தேதி கமேதா ஒருவழியாக இறங்கி வந்து, பூட்டிய கோப்பு எதுவும் உள்ளே வரக்கூடாது என்று விதி போட்டார். அன்று எல்லோருக்கும் நான்தான் தாகோயாகிப் பலகாரம் வாங்கிக் கொடுத்தேன்.

"தள்ளினது என்ன ஆகும்?"

"முப்பது நாள் கிடங்குல கிடக்கும். அப்புறம் தானா அழிஞ்சிடும். எடுக்கணும்னா கமேதா சான் கையெழுத்து வேணும்."

கமேதாவிடம் போய் என்னவென்று சொல்வது? செத்தவர் கோப்பு அனுப்பியிருக்கிறார் என்றா? எவனோ அவர் முகவரியைக் கைப்பற்றி விளையாடுகிறான். அப்படித்தான் இருக்க வேண்டும். பூட்டிய கோப்பைத் திறக்காதே என்று ஊருக்கே சொன்னவள் நான்.

மே 22, வியாழன்

சோதித்துப் பார்க்கத்தான் இந்த வாரப் பத்தியையும் அவருக்கு அனுப்பினேன். வேண்டுமென்றே. நாலு பத்துக்குச் சாவி வந்தது. வேறு பன்னிரண்டு எழுத்துகள்.

மே 29, வியாழன்

வந்தது.

இப்போது சோதனைக்காக அனுப்பவில்லை. அது எனக்கே தெரிகிறது.

ஜூன் 5, வியாழன்

மழைக்காலம் தொடங்கப்போகிறது, நாற்காலியெல்லாம் பிசுபிசுக்கிறது. ஆனால் இன்றைய பத்தி இந்த வருடத்திலேயே நன்றாக வந்தது என்பேன்.

சக்காய் பக்கம் ஒரு பல் மருத்துவமனை. வரவேற்பு மேசைப் பெண் மூவாயிரம் நோயாளிகளின் பட்டியலைத் தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டாள். அதோடு விட்டாளா? விதிப்படி சாவியைத் தனி மின்னஞ்சலில், அதே தவறான முகவரிக்கு அனுப்பினாள். அப்புறம் 'கிடைத்ததா' என்று பணிவாக ஒரு விசாரிப்பு. நான் சும்மா இருப்பேனா. அவள் மேசையில் இருக்கும் ஆமை பொம்மை, வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், பாராட்டுச் சான்றிதழ் வாங்கியது, எல்லாவற்றையும் மருத்துவமனையின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்துப் போட்டேன். பெயர் மட்டும் போடவில்லை.

இரண்டு மணிக்கு அனுப்பினேன். நாலு பத்துக்குச் சாவி.

ஜூன் 10, செவ்வாய்

இதழ் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு பேர் ஒரு பத்தியைப் படித்ததில்லையாம். கமேதா என் மேசைக்கே வந்து, "ஆமைய விட்டுடாதீங்க, அடுத்த வாரமும் கொண்டு வாங்க" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

ஜூன் 17, செவ்வாய்

வாசகர்கள் ஆமையை வைத்து மருத்துவமனையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மருத்துவமனையை வைத்து அவளை. பெயர், படம், படித்த பள்ளி, வீட்டு வாசல். 'சாவிப் பெண்' என்று பட்டம். நான் எதையும் கசியவிடவில்லை என்று நூறு முறை சொல்லிக்கொண்டேன். துண்டு துண்டாகக் கிடக்கும் தகவல் ஒன்றுசேர்ந்தால் ஆபத்து என்று வருடத்துக்கு நாலு பத்தி எழுதுகிறவள் நான். எனக்கா தெரியாது?

ஜூன் 26, வியாழன்

அந்தப் பெண்ணின் தாய் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

"கவாஜிரிங்கிறவங்க வீடுங்க இது. நீங்க எழுதுனீங்கல்ல, அந்தப் பொண்ணோட அம்மா. சயோவுக்கு இருபத்திரண்டு வயசு. பத்தொன்பதாம் தேதி காலையில வெளிய போனவ இன்னும் வரல. செல்போன வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டா. உங்களுக்கு ஏதாச்சும் எழுதினாளான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

எனக்கு எதுவும் எழுதவில்லை என்றேன். தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்று அவர் சொல்லிவிட்டு வைத்தார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

எங்க போயிருப்பா? ஆத்தோரமா? ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்.

இன்று பத்தி இல்லை. இரண்டு மணிக்கு எதையும் அனுப்பவில்லை. நாலு பத்துக்கும் எதுவும் வரவில்லை.

ஜூன் 28, சனி

சக்காய் போனேன். கதவு திறக்கவில்லை. அழைப்புமணியின் ஒலிபெருக்கியில் ஆண் குரல், தந்தையாக இருக்கும். "போயிடுங்க. அக்கம்பக்கத்துல பாக்கறாங்க." மழையில் நின்று கதவைப் பார்த்து வணங்கிவிட்டு வந்தேன். என் முத்திரை ஜோக் நினைவுக்கு வந்தது.

ஜூலை 4, வெள்ளி

நேற்று இரவு முழுக்க ஒரே எண்ணம். ஜூன் ஐந்தாம் தேதி சாவி வந்ததே, அந்தக் கோப்பில் என்ன இருந்தது? முப்பது நாள் நாளையோடு முடிகிறது.

காலையில் கமேதா முன்னால் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டார். ஒடகிரி வெளியுலகத்தோடு தொடர்பில்லாத பழைய கணினி ஒன்றில் கோப்பை வைத்து, பன்னிரண்டு எழுத்துகளையும் தட்டினான்.

என் பத்தி. சிவப்பு மையில் அவருடைய குறிகள். வாக்கியங்களில் பெரிதாக மாற்றம் இல்லை. ஆமை வரும் பகுதி முழுக்க ஒரே கோட்டால் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில்:

"பூட்டைப் பார்த்துச் சிரிக்கலாம். பூட்டினவங்களைக் காட்டிக் கொடுக்காதீங்க. இந்தப் பொண்ணைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போதும்."

கீழே ஹகிவாரா முத்திரை, நட்டுக்குத்தாக. நேரம் ஜூன் 5, நாலு பத்து. இதழ் அச்சுக்குப் போக அப்போது ஒரு நாள் முழுசாக மீதி இருந்தது.

ஒடகிரி எழுந்து போய் எனக்குப் பார்லித் தேநீர் கொண்டுவந்து வைத்தான்.

ஜூலை 6, ஞாயிறு

ஹகிவாரா சானின் மனைவி கிகுயே சானைப் பார்க்கப் போனேன். வழிபாட்டு மாடத்தில் அவர் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு, அவர் கணினி எங்கே என்று கேட்டேன்.

"ஏப்ரல்லயே நகராட்சி வண்டியில எடுத்துட்டுப் போயிட்டாங்களே." பிறகு யோசித்துச் சொன்னார். "ஆஸ்பத்திரியில சும்மாவா படுத்திருந்தாரு? மடியில வெச்சு ஏதோ தட்டிக்கிட்டே இருப்பாரு. பதினோரு வருஷத் திருத்தத்தையும் ஒரு எந்திரத்துக்குக் கத்துக் கொடுக்கறேன், எங்கயோ வாடகைக்கு எடுத்து வெச்சிருக்கேன்னாரு. நீங்க பத்திய அனுப்பினா அது பாத்துத் திருத்தி அனுப்புமாம். எதுக்கு இப்பன்னு திட்டினேன். 'நான் இல்லன்னா அந்த நிஷிவாகி யாரையாச்சும் கடிச்சு வெப்பா'ன்னாரு."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா அதையும் கிண்டல் பண்ணி ஒரு பத்தி எழுதுவீங்கன்னாரு."

ஆக, எந்திரம். நாலு பத்துக்கு அனுப்பச் சொன்னதும் அவர்தான். வெளியாட்கள் எல்லாவற்றையும் பூட்டித்தான் அனுப்ப வேண்டும் என்று அன்றைக்கு விதி. ஏப்ரலில் விதி மாறியது அவருக்கு எப்படித் தெரியும்? வாடகை ஜூலை 31 வரை கட்டியிருக்கிறாராம். புரிந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் ரயிலில் பக்கத்து இருக்கையில் யாராவது உட்காரட்டும் என்று காத்திருந்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஒடகிரி அவர் முகவரிக்கு மட்டும் வாசலைத் திறந்துவிட்டான். கேலிப் பத்தி ஒன்று எழுதி அனுப்பினேன். பாதி அடிக்கப்பட்டுத் திரும்பியது. அடிக்கப்பட்ட ஒவ்வொரு வரியிலும் நான் கேலி செய்த ஒரு மனிதர் இருந்தார்.

சயோவைப் பற்றிச் செய்தி இல்லை. போலீசில் கொடுத்திருக்கிறார்களாம்.

ஜூலை 29, செவ்வாய்

சயோவிடம் இதழில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன், கமேதாவோடு சண்டை. "நாம பேரே போடலையே, எதுக்கு மன்னிப்பு? கேட்டா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்." ஆமை போதும், பேர் எதற்கு என்றேன். மன்னிப்பு வராவிட்டால் இனி பத்தியும் வராது என்றேன். மேசையில் இருந்த என் டீக் கோப்பையைப் பையில் எடுத்துப் போட்டதும்தான் சரி என்றார்.

ஜூலை 31, வியாழன்

இன்றோடு வாடகை முடிகிறது. வணக்கம் என்று மட்டும் எழுதி அனுப்பினேன். திருத்த எதுவும் இல்லாமல் திரும்பி வந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

மன்னிப்புப் பத்தியை எழுதி முடித்தேன். ஜோக் இல்லை. என் மின்னஞ்சல் முகவரியைக் கடைசி வரியில் போட்டேன். பழக்கம் விடவில்லை, அவருக்கும் அனுப்பினேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று அடுத்த நொடியே திரும்பி வந்தது. எதிர்பார்த்ததுதான்.

நாலு பத்துக்குக் கோப்பு வந்தது. பூட்டு இல்லை. சாவியும் இல்லை.

என் பத்தி, ஒரு சிவப்புக் குறிகூட இல்லாமல். கீழே முத்திரை. அது சாய்ந்திருந்தது. சயோ என்ற பெயரை நான் எழுதவில்லை, 'அந்தப் பெண்' என்றுதான் எழுதியிருந்தேன். அந்தச் சொல்லின் பக்கமாக, நன்றாகக் குனிந்து.

ஒடகிரி அஞ்சல் பதிவேட்டை இரண்டு முறை மேலிருந்து கீழே பார்த்தான். "இன்னைக்கு நாலு பத்துக்கு உங்களுக்கு எதுவும் வரல, நிஷிவாகி சான்." தாளில் அச்செடுத்து அவன் முன்னால் வைத்தேன். அதைத் தொடாமல் பார்த்தான். "இத என்கிட்ட காட்டலன்னு வெச்சுக்கலாமா" என்றான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஓபோன் விடுமுறை. முன்னோர்கள் வீட்டுக்கு வந்து போகும் நாட்கள், அலுவலகத்தில் நான் மட்டும். பத்தி செவ்வாயன்று வெளியானது.

பதினொரு மணிக்கு ஒரு மின்னஞ்சல். "எப்போதும் போலத் தங்கள் ஆதரவுக்கு நன்றி. சற்றுமுன் அனுப்பிய கோப்பின் கடவுச்சொல் கீழே உள்ளது." அவர்தான் என்று நினைத்தேன். பிறகு அனுப்பியவர் பெயரைப் பார்த்தேன். கவாஜிரி சயோ.

கோப்பை வாசல் தள்ளிவிட்டிருந்தது. தொத்தோரியில் பெற்றோர் வீட்டில் இருந்த ஒடகிரியைக் கூப்பிட்டேன்.

"கிடங்குலேருந்து ஒரு கோப்ப எடுத்துக் குடு. இப்பவே."

"பூட்டினதா? ஆறு வருஷமா நீங்கதானே—"

"திறந்து விடுடா."

கையெழுத்து என்று அவன் கேட்கவில்லை. ஒரு பக்கம்தான் இருந்தது. "நான் எஹிமேயில் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். நேற்று அம்மாவிடம் பேசிவிட்டேன். உங்களை இன்னும் மன்னிக்கவில்லை. எழுதியதைப் படித்தேன் என்று சொல்லத்தான் இது."

மேசையில் தலையை வைத்து அழுதேன். பார்க்க யாரும் இல்லை. இருந்தாலும் பரவாயில்லை.

கடிதத்தில் இரண்டு எழுத்துப்பிழை. தொடவில்லை. நாலு வரியில் பதில் எழுதினேன். அவள் செய்ததைப் போலவே கோப்பைப் பூட்டி அனுப்பினேன். சாவியை அடுத்த மின்னஞ்சலில் அனுப்பினேன்.