ஆறாம் பாகம் அடுத்த வீட்டில்

ஜூலை 8, செவ்வாய்

லைப்ரரிக்கு ‘நீலயாளி’ நாவலின் ஆறாம் பாகம் வந்துவிட்டது. கடைசிப் பாகம், ஒரே பிரதி. வந்த அன்றே அடுத்த வீட்டு ஹம்னா எடுத்துப் போய்விட்டாள்.

நான் வாங்கி வைத்திருந்த முதல் பாகத்தைக் கொடுத்து அவளை இந்தக் கதைக்குள் இழுத்ததே நான்தான். அவள் அடுப்பில் பாலை வைத்துக்கொண்டே ஒரு பாகத்தை விழுங்குகிறவள். எனக்குப் பாராயணம் மாதிரி. குளித்து, விளக்கேற்றி, நாளுக்கு இரண்டு அத்தியாயம். சாவு வரும் இடத்தில் நிறுத்த மாட்டேன், நல்லது வரும்வரை படித்துத்தான் மூடுவேன். ஐந்தாம் பாகம் நேற்றுதான் முடிந்தது. பிந்திவிட்டேன்.

ஜூலை 9

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரிக்கிற சத்தம். எந்த இடமாக இருக்கும்?

ஜூலை 10

வீட்டுக் கணக்கு எழுத மறந்தேன். கல்யாணமான பிறகு இதுதான் முதல் தடவை.

ஜூலை 13, ஞாயிறு

நல்ல சாரல். இரண்டு வீட்டாரும் வேன் பிடித்துக் குற்றாலம் போனோம். எல்லாரும் ஐந்தருவியில் நிற்க, ஹம்னா வேனுக்குள் புத்தகத்தோடு. ஈரத்தலையோடு போய் எட்டிப் பார்த்தேன்.

“சொல்லட்டாக்கா? வெண்ணி யாளி மேல ஏறிப் போறால்லா, அப்ப—”

“சொன்னேன்னா உங்கூட பேச மாட்டேன் பாத்துக்க.”

“அப்ப எதுக்கு எட்டிப் பாக்கிய?”

அவள் மாமியாரும் சிரித்தார். பிறகு குற்றாலநாதர் கோயிலில், குழல்வாய்மொழி அம்மன் முன்னால் நின்றும் ஒரே நினைப்புதான்: இவள் இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறாள்? தாயே, மன்னித்துக்கொள்.

ஜூலை 15

காலையிலிருந்து அவள் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன். கறிவேப்பிலை உண்டா, இன்னும் கொஞ்சம் உண்டா என்று. படிக்க விடக்கூடாது, அவ்வளவுதான்.

கடைசியில் கதவில் சாய்ந்து நின்றாள். “யக்கா, உங்க முத்தத்துல மரமே நிக்கு. அதுல பறிச்சுதான் நான் கொழம்பே தாளிக்கேன்.”

முகம் சுட்டது. அவ முந்திப் படிச்சா எனக்கு என்ன கொறஞ்சு போச்சு? — கொறஞ்சுதான் போச்சு.

ஜூலை 16

அவளே வந்தாள். கையில் புத்தகம், கண் வீங்கியிருந்தது.

“யாளி விழுந்துட்டுக்கா. குத்தாலத்துலயே மூடிட்டேன். அதுக்கப்புறம் தொறக்கவே முடியல.”

சொல்லிவிட்டாளே! நான் பயந்த அந்த ஒன்றை. அப்படியென்றால் நேற்று முழுதும் நான் கதவைத் தட்டியது மூடிய புத்தகத்துக்காகவா?

“சாவுல நிறுத்தக் கூடாதும்பியல்லா. எனக்குத் தனியா தாண்டத் தெரியல. நீங்க அதுவரைக்கும் படிச்சிட்டு வாங்க. பொறவு நீங்க வாசிங்க, நான் கேக்கேன்.”

ஜூலை 17

இரண்டு அத்தியாயம் என்ற விதியை விட்டேன். மதியம் தயிர்ச்சாதம்தான்.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி

அடுக்களையில் உட்கார்ந்து வாசித்தேன். ஹம்னா பூண்டு உரித்தபடி கேட்டாள். ஓரிடத்தில் என் குரல் போய்விட்டது, அவள் வாங்கி வாசித்தாள். யாளி எழுந்ததா என்று இங்கே எழுத மாட்டேன்.

முடித்ததும் பாராயணத்துக்கு வைப்பதுபோல் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். அவள்தான் நெய் ஊற்றினாள்.

ஜூலை 20, ஞாயிறு

சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக்காரர் சும்மா முதல் பாகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் காலை மடக்கிக்கொண்டு நன்றாக உட்கார்ந்துவிட்டார்.

“யாரு இந்த வெண்ணி?”

பாத்திரம் துலக்கப் போய்விட்டேன். அவருக்கு இன்னும் ஆறு பாகமும் மிச்சம் இருக்கிறது.